எங்களுக்கு ஒரு படம் தருவீங்களா?

 

பயணம் போகிற இடத்தில் படம் எடுக்கலாமா, எடுத்தால் எதை எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்று சகோதரிகள் பலர் கேட்டு வருகிறீர்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட முடியாது. எங்கள் குடும்பம் போய்வந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

என் ராத்தாவும் மச்சானும் பல வருடங்களாகக் கத்தார் நாட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பிறந்து வளர்ந்தது தோஹாவில்தான். பாஸ்போர்ட் இலங்கையுடையது என்றாலும் அவர்களுக்கு இலங்கை ஒரு வெளிநாடு. ஒரு ஓகஸ்ட் விடுமுறையில் வந்திறங்கி, "மாமா, இந்த முறை கொழும்பிலேயே இருந்துவிட்டுப் போக மாட்டோம். நாடு முழுவதையும் பார்க்க வேண்டும்" என்றார்கள். வேன் ஒன்றைப் பேசிக்கொண்டு, நானும் என் மனைவியும் சின்ன மகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். காலி, திஸ்ஸமஹாராம, யால, எல்ல, பண்டாரவளை, ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா என்று போய், கடைசியாகப் பூண்டுலோயாவில் எங்கள் வீட்டில் வந்து முடிவதாகப் பன்னிரண்டு நாள் பயணம்.

மருமகனுக்கு வயது பத்தொன்பது. கழுத்தில் பெரிய கமரா. முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ். மருமகளிடம் செல்பேசி. ராத்தாவிடம் சாப்பாட்டுக் கூடை. என்னிடம் ஒரு தயக்கம்.

என் தயக்கத்தின் கதை

எங்கள் வாப்பா போட்டோவை விரும்பாதவர். வீட்டுச் சுவரில் நாட்காட்டிப் படம்கூட இருந்ததில்லை. 1994-இல் எங்கள் உம்மா மௌத்தானபோது எனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பின் அரபுக் கல்லூரிக்குப் போனேன். அங்கும் உஸ்தாத்மார் படம் என்றாலே முகம் சுளிப்பார்கள். உருவம் வரைவோருக்குரிய எச்சரிக்கை பற்றிய ஹதீஸ்களை அவர்களிடமே ஓதினேன். அந்தப் பயம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அதை நான் குறைவாக மதிக்கவில்லை.

அதே பாடத்தில்தான் இன்னொன்றையும் ஓதினோம். உருவங்கள் செய்து பிழைத்த ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, வேறு வழியில்லையென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டினார்கள். எனவே மலை, அருவி, மேகம், மரம் ஆகியவற்றைப் படமெடுப்பதில் சிக்கல் இல்லை. உயிருள்ளவற்றில்தான் உலமாக்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். கமரா வந்த பிறகு, எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ போன்றோர், இது கையால் உருவம் படைப்பதல்ல, கண்ணாடியில் விழும் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று கூறி அனுமதித்தார்கள். சவூதி அரேபியாவின் ஷெய்க் இப்னு பாஸ் போன்றோர் தேவைக்கு மட்டுமே அனுமதித்தார்கள். இரண்டு தரப்பும் கல்வியோடும் அச்சத்தோடும் பேசியவர்களே. யாரையும் ஏளனம் செய்ய வேண்டாம். உங்கள் மனம் அமைதி காணும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மருமகனுக்குச் சொன்னேன். "மகன், உன் கழுத்தில் தொங்குகிறதே, அதன் பெயருக்கு இலத்தீன் மொழியில் அறை என்று பொருள். ஆயிரம் வருடங்களுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்ற அறிஞர், இருட்டறைச் சுவரிலே சிறு துளை போட்டு, அதன் வழியே வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் எப்படி விழுகிறது என்று ஆராய்ந்தார். கிரகணத்தின்போது சூரியனின் உருவம் துளை வழியே எப்படித் தெரிகிறது என்பதற்கே தனியாக ஒரு நூல் எழுதினார். கிதாபுல் மனாழிர் என்ற அவருடைய பெரிய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் ஓதப்பட்டது. உன் கமராவுக்கு அவரும் ஒரு பாட்டனார்தான்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. என் தயக்கமும் கொஞ்சம் தளர்ந்தது.

யாலவில் கற்ற பாடம்

யால 1938-இல் தேசியப் பூங்காவானது. சிறுத்தைகளுக்குப் பேர்போன இடம். அதிகாலையிலேயே ஜீப்பில் உள்ளே போய்விட்டோம். அரை மணி நேரத்தில், ஒரு பாறையில் சிறுத்தை படுத்திருப்பதாகத் தகவல் வந்தது. "வேகமாகப் போங்கள், வேகமாகப் போங்கள்" என்று சாரதியை அவசரப்படுத்தியது நாங்கள்தான். போய்ச் சேர்ந்தால் எங்களைப் போலவே அவசரப்பட்ட எத்தனையோ ஜீப்புகள். புழுதி, புகை, எஞ்சின் இரைச்சல். சிறுத்தை எழுந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்து, பற்றைக்குள் போய்விட்டது. மருமகனுக்குக் கிடைத்தது வாலின் நுனி மட்டும்.

பிள்ளை அழாக்குறை. அப்போது சாரதி, வயதான சிங்களச் சகோதரர், எங்களை ஒரு சிறு குளத்தருகே கொண்டுபோய் எஞ்சினை நிறுத்தினார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புள்ளிமான்கள் தண்ணீருக்கு வந்தன. சங்குவளை நாரை ஒன்று சேற்றில் அலகை விட்டுத் துழாவியது. மரக்கட்டை என்று நாங்கள் நினைத்தது முதலை! என் சின்ன மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைக் கிள்ளினாள். அன்றைய நல்ல படங்கள் அனைத்தும் அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தவை.

சகோதரிகளே, விலங்கைத் துரத்தினால் கிடைப்பது அதன் முதுகுதான். பொறுத்திருந்தால் அது தானாக முகம் காட்டும். ஸப்ர் என்பது துன்பம் வரும்போது மட்டும் வேண்டிய குணமல்ல.

மருமகனிடமிருந்து நானும் சில நுட்பங்களைக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் உதவும். காலையில் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும் மாலையில் கடைசி ஒரு மணி நேரமும்தான் படத்துக்கு உகந்த வெளிச்சம். உச்சிவெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். விலங்கைப் படம் எடுக்கும்போது அதன் கண் தெளிவாக இருக்க வேண்டும். கண் மங்கினால் படம் வீண். செல்பேசியில் எடுப்பவர்கள் முதலில் லென்ஸைத் துணியால் துடைக்க வேண்டும். சமையல் கையால் தொட்ட எண்ணெய்ப் பிசுக்குத்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

துப்பாக்கி போன பாதை

பண்டாரவளையில் தங்கி, இருட்டோடு புறப்பட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே புல்வெளியும் மேகக்காடும். 1988-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. உலக முடிவு என்ற இடத்தில் மலை திடீரென்று முடிந்து, கீழே பள்ளம் விழுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் பெரும்பாலும் பனிமூட்டம் ஏறி மறைத்துவிடும். சீக்கிரம் போகிறவர்களுக்குத்தான் காட்சி.

பனியைப் படம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளை அதிகமாக இருந்தால் கமரா ஏமாந்து படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வைத்தால் பனி பனியாகவே தெரியும்.

வாசலிலேயே பொலித்தீன் பைகளைச் சோதித்து வாங்கிவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. அங்கே மரைகள் உண்டு. தமிழகத்தில் கடமான் என்பார்கள். மனிதர்கள் பிஸ்கட்டும் பாணும் கொடுத்துப் பழக்கிவிட்டதால் அவை வாகனங்களை நாடி வருகின்றன. உப்பும் இனிப்பும் ஒட்டிய பொலித்தீனையும் தின்கின்றன. அது குடலில் அடைத்து மரைகள் செத்திருக்கின்றன. மருமகள் ஒரு பிஸ்கட்டை நீட்டி, மரை வந்ததும் பக்கத்தில் நின்று படம் எடுக்கப் பார்த்தாள். ராத்தா தடுத்துவிட்டா. "உனக்கு ஒரு படம், அதற்கு ஒரு வயிற்றுவலி. வேண்டாம் மகள்" என்றா. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு வதைத்த பெண்ணையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டிய மனிதரையும் பற்றிய நபிமொழிகளைச் சிறு வயதில் எங்களுக்குச் சொல்லித் தந்தது உம்மா. ராத்தா அதை மறக்கவில்லை.

இந்த மலைகளின் பழைய கதை இன்னும் கசப்பானது. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், இங்கே மரைகளை நாய்களை விட்டுத் துரத்தி வேட்டையாடியதைப் பெருமையாகப் புத்தகமாகவே எழுதினார். சமவெளியிலுள்ள அருவிக்கு இன்றும் அவர் பெயர்தான். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானைகூட இல்லை.

துப்பாக்கி போன அதே பாதையில் இன்று கமரா போகிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் மாற்றம் முழுமையாகிவிடவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. அதை மீட்டு மருத்துவம் செய்தும் சில நாட்களில் செத்துப்போனது. அதைப் பற்றிய படங்களைப் பார்த்து நாடே வருந்தியது. படம் வந்தது, சிறுத்தை வரவில்லை. நம் வீட்டுக் காய்கறித் தோட்டத்தைக் காக்கக் கம்பிச் சுருக்கு வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தவர், ஒன்றும் எடுக்காதவர்

இரவில் நுவரெலியாக் குளிரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகளுக்கு இப்னு பதூதாவைப் பற்றிச் சொன்னேன். 1344-இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர். வழியில் கண்ட அட்டைகளைக்கூட விட்டுவைக்காமல் எழுதியிருக்கிறார். அவை மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் ஆளின் மேல் தாவுமாம். ஊரவர்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து பிழிவார்களாம். அன்று பகலில் அட்டை கடித்த காலைத் தடவிக்கொண்டே மருமகன் சிரித்தான்.

அவரிடம் கமரா இல்லை. ஊர் திரும்பிய பிறகு, கண்டவற்றைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். எழுநூறு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்த அட்டை நம் காலைக் கடிக்கிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் எண்ணிப் பார்க்குமாறு அல்காஷியா அத்தியாயம் நம்மை அழைக்கிறது. முதலில் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு கமராவை எடுங்கள். அன்றிலிருந்து எங்கள் வேனில் ஒரு சட்டம் போட்டோம்: எந்த இடத்திலும் இறங்கிய முதல் ஐந்து நிமிடம் யாரும் கமராவைத் தொடக் கூடாது.

பூண்டுலோயாவில்

கடைசி நாள் எங்கள் ஊர். தலவாக்கலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதை. இரு பக்கமும் தேயிலை. டன்சினன் அருவி மழையில் நிறைந்து கொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் முக்காலியில் கமராவை நிறுத்தி, கதவை அரை வினாடி திறந்து வைத்து, தண்ணீர் பட்டு நூல்போல் விழும் படத்தை எடுத்தான். அருவிப் பாறை வழுக்கும். படத்துக்காக ஓரத்துக்குப் போய் உயிரை விட்டவர்கள் இந்த மலைநாட்டில் உண்டு. ஆகவே தூரத்தில் நின்றே எடுக்கச் சொன்னேன்.

திரும்பும் வழியில் பாதையோர மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூறல். தலையில் கூடைக்கயிறு, இடுப்பில் படங்கு. நான் வாய் திறப்பதற்குள் மருமகன் இறங்கிப் போய்ப் படபடவென்று எடுக்க ஆரம்பித்துவிட்டான். சிலர் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியும். எங்கள் பாடசாலையில் படித்தவள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் வீட்டுப் பெண்களை ஓர் அந்நியன் கேட்காமல் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா? எங்கள் பெண்ணின் முகத்துக்கு ஒரு மரியாதை, கொழுந்து எடுக்கும் பெண்ணின் முகத்துக்கு இன்னொரு மரியாதையா? மருமகனைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, அவள் படத்தை அவள் முன்னாலேயே அழிக்கச் செய்தேன்.

அப்போது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா பாதைக்கு இறங்கி வந்தார்.

"மௌலவி ஐயா, என் படத்த அழிக்க வேணாம். ஆனா எங்களுக்கு ஒரு படம் தருவீங்களா?"

"ஏன் அம்மா, கட்டாயம் தருகிறோம்."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவாங்க ஐயா. எங்கம்மா இந்த மலையிலதான் நாப்பது வருசம் கொழுந்து எடுத்துச்சு. எத்தனையோ வெள்ளக்காரங்க வந்து படம் புடிச்சிட்டுப் போனாங்க. எந்த நாட்டுல எந்தச் செவுத்துல தொங்குதோ. செத்த அன்னைக்கி மாலை போட்டு வைக்க வீட்டுல ஒரு படம் இல்ல."

ராத்தா என்னைப் பார்த்தா. நான் ராத்தாவைப் பார்த்தேன். எங்கள் உம்மாவின் படமும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்ததில் மிஞ்சிய ஒரு பிரதி. தபால் முத்திரை அளவு. ராத்தாவின் பெட்டிக்குள் ஒரு கடித உறையில் இருக்கிறது. என் பிள்ளைகள் தங்கள் பாட்டியை அதில்தான் கண்டார்கள். மாலை போடுவது எங்கள் வழக்கமல்ல. ஆனால் உம்மாவின் முகம் ஞாபகத்திலிருந்து நழுவும் வேதனை எந்த மார்க்கத்தவருக்கும் ஒன்றுதான்.

இந்த மலைநாட்டில் இது புதிய கதையுமல்ல. கல்கத்தாவில் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் கமராவைத் தொட்டு, உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்மணி, 1875-இல் கணவரோடு இலங்கையில் வந்து குடியேறினார். அவர்களுக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. அவர் இங்குள்ள உழைப்பாளி மக்களையும் படம் எடுத்தார். 1879-இல் டிக்கோயாப் பகுதியில் இறந்து, பொகவந்தலாவ தேவாலயத்தில் அடக்கப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்த எங்கள் மக்களில் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை. அவர் கண்ணில் அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் கேட்டு எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மருமகன் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். பிறகு, "எப்படி நிற்க விரும்புகிறீர்கள் அம்மா?" என்று கேட்டான். அவர் கூடையைக் கழற்றி வைத்தார். படங்கை அவிழ்த்தார். கூந்தலைச் சரிசெய்து, நேராக நின்றார். இதுவரை எந்தப் பயணியும் எடுத்திராத படம் அதுவாகத்தான் இருக்கும்.

கொடுத்துவிட்டு வந்தோம்

அவர்கள் தோஹாவுக்குப் புறப்படும் முன்பே அந்தப் படத்தை நல்ல தாளில் பெரிதாக அச்சிட்டு, பின்பக்கத்தில் பெயர், இடம், திகதி எழுதி என்னிடம் தந்தான். நானும் மனைவியும் லயத்துக்குக் கொண்டுபோனோம். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார்.

எனக்கு வார்த்தை வரவில்லை.

சகோதரிகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மலையையும் அருவியையும் மனம் நிறைய எடுங்கள். விலங்கை எடுப்பவர்கள் அதைத் துரத்தாமல், தீனி காட்டி ஏமாற்றாமல் எடுங்கள். மனிதரை எடுக்க விரும்பினால் முதலில் ஸலாமோ வணக்கமோ சொல்லுங்கள், அனுமதி கேளுங்கள், பெயரைக் கேளுங்கள், கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். வாக்குறுதி ஓர் அமானிதம். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களை ஊர் முழுக்கப் போகும் வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். ஒருமுறை போனது திரும்பி வராது. செல்பேசியில் ஆயிரம் படம் கிடந்து மறைவதைவிட, பத்துப் படத்தை அச்சிட்டுப் பின்னால் பெயர் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் உம்மா உயிரோடு இருந்தால், அவரை முடிந்த அளவு இன்றே போய்ப் பாருங்கள். படம் எடுப்பதா இல்லையா என்பதைப் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.